நல்ல ஆட்டின் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்க முட்டி வலி தேவலையா? போன்ல பேசினா உங்களுக்குச் சரியாக் கேக்கலைன்னுதான் எழுதுறேன். பயப்படாமப் படிங்க.

இங்க மேல்விஷாரத்துல செவ்வாய்க்கிழமை காலேஜ் பிள்ளைகளுக்கு ஈரல் புழுப் பாடம். புழு, நத்தை, புல்லுன்னு ஒவ்வொண்ணாத் திரையில காட்டினேன். நோய் இல்லாத ஆடு எப்படி இருக்கும்னு காட்ட, போன வாரம் அம்மா அனுப்பின நம்ம செம்மறி போட்டோவைப் போட்டேன். நஸ்ரீன்னு ஒரு பொண்ணு, அவ அத்தா தோல் கம்பெனியில தரம் பிரிக்கிறவர். அவ எழுந்து, "மிஸ், அது சீக்கு ஆடு. முடி சிலுத்துக்கினு நிக்குது பாருங்க. இந்தத் தோலு தேறாது"ன்னா. வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்புறம் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். தாடைக்கு அடியில லேசா வீங்கியிருக்கு, ஈரல் புழு இருந்தா அப்படித்தான் வீங்கும்.

அதுலேருந்து ஒரு வேலையும் ஓடல. ரோட்டுல போற ஆட்டையெல்லாம் நின்னு பாக்குறேன். பெரிசா ஒண்ணும் இருக்காது. ஆனா கண்மாய்க்கரைப் பக்கம் மேய விடாதீங்க, புழுவைப் பரப்புற நத்தை ஈரப் புல்லுலதான் இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பாருங்க. வெளுத்திருந்தா அன்னைக்கே மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போங்க. மத்த ஆடுகளுக்கும் மருந்து கேளுங்க.

அடுத்த வகுப்புக்கு மணி அடிச்சாச்சு. அம்மாவை இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஆட்டோட தாடை தெரியணும், உங்க முகமும் விழணும். போன படத்துல ஆட்டைப் பிடிச்சிருக்கிற உங்க கை மட்டும்தான் இருக்கு. அந்தக் கையும் மெலிஞ்சு தெரியுது.

உங்க மகள்,
கலைவாணி