காய்ச்சல் விட்டது என்று எழுதினேன்

3 நவம்பர் 1988

வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். ராஜபாளையத்தில் அறை, காலையில் தேவதானம் பஸ், ஆரம்ப சுகாதார நிலையம். ஒரே டாக்டர் நான். இரண்டாவது டாக்டரின் நாற்காலியில் சிஸ்டர் ஜெயபாயின் சாப்பாட்டுத் தூக்கு உட்கார்ந்திருக்கிறது.

சத்திரப்பட்டியில் நாட்டுக்கே பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். இருபது கிலோமீட்டர் தள்ளி என் ஸ்டோரில் பேண்டேஜ் இல்லை. இதை வைத்து ஒரு கவிதை எழுதினேன். பேண்டேஜ் கேட்டு மேலிடத்துக்கு இண்டெண்ட் எழுதவில்லை.

பி.பி. கருவி பழசு. குழாயில் ஒட்டு. எண் பிடிக்காவிட்டால் கருவியைத் திட்டுவது வழக்கம்.

7 நவம்பர்

ஸ்ரீவில்லிபுத்தூர் சிற்றேட்டிலிருந்து கவிதை திரும்பி வந்தது. ‘வினைச்சொல்லே இல்லையே’ என்று குறிப்பு. வேண்டுமென்றுதான் விட்டேன், மடையர்களா.

14 நவம்பர்

சண்முகத்தாய். வயது இருபது. வீட்டில் பிரசவமாகி நான்காம் நாள். காய்ச்சல் 103. வயிற்றைத் தொட்டால் முனகல். துணியில் நாற்றம். நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கி, சீழ் பிடித்து, ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. செப்சிஸ். கல்லூரியில் இதற்குப் பதினாறு பக்கம் எழுதி முதல் மார்க் வாங்கியவன் நான். அந்தப் பதினாறு பக்கத்தில் லேப் இருந்தது, ரத்தம் இருந்தது. இங்கே பென்சிலின், ஜென்டாமைசின், நான்கு பாட்டில் சலைன்.

மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மாமியார் பாலம்மாள் அசையவில்லை.

“மருதைக்குப் போன எங்க மதினி பொணமாத்தான் வந்தா. நீங்களே பாருங்கய்யா.”

நாக்கு வறண்டு கிடக்கிறது. தண்ணீராவது கொடுங்கள் என்றேன்.

“பச்ச உடம்புக்குத் தண்ணியா? ஜன்னி கண்டுரும்யா. நாக்க நனைக்கத்தான் குடுக்கோம்.”

அரைமணி நேரம் அறிவியல் பேசினேன். மரியாதையாகக் கேட்டாள். முடிவில், “டாக்டரய்யாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

ஊசிகள் போட்டோம். ஒரு பாட்டில் ஏற்றினோம்.

15 நவம்பர், காலை

97! முனகலும் இல்லை. அமைதியாகப் படுத்திருக்கிறாள். கேஸ் ஷீட்டில் எழுதினேன்: காய்ச்சல் விட்டது, தேறுகிறாள். பி.பி. எண்பதுதான் காட்டியது. ஒட்டுப் போட்ட கருவி வேறென்ன காட்டும். பாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தடுக்கவில்லை.

16 நவம்பர்

எழுதத்தான் வேண்டும்.

நேற்று உச்சி நேரம். கவிதைக்கு ஒரு வினைச்சொல் தேடிக்கொண்டிருந்தேன். ஜெயபாய் வந்து நின்றார்.

“சார், அந்தப் புள்ள கை சில்லுன்னு கெடக்கு.”

“காய்ச்சல் விட்டா அப்படித்தான் சிஸ்டர்.”

“காய்ச்சல் விட்ட கை வெதுவெதுன்னு இருக்கும். இது அப்படி இல்ல. மூச்சு எண்ணினேன், நிமிஷத்துக்கு முப்பத்தாறு. நேத்து சாயங்காலத்துலருந்து ஒன்னுக்கும் போகல.”

போனேன். பி.பி. எழுபத்தாறு. “கருவி சரியில்ல” என்றேன். ஜெயபாய் பட்டையைக் கழற்றி என் கையில் சுற்றினார். அமுக்கினார். நூற்றிருபது.

அடப்பாவி. அடங்கிட்டு வார உடம்பைப் பாத்து தேறுதுன்னு எழுதிட்டியேடா. காலைலருந்து எம்புட்டு நேரம் வீணாப் போச்சு — கும்பிடு வேற வாங்கிக்கிட்டு —

இரண்டு கையிலும் இரண்டு பாட்டிலை வேகமாக ஓடவிட்டோம். ஒரு மணி நேரத்தில் கண் திறந்து, “தண்ணி” என்றாள். பாலம்மாள் செம்பைத் தள்ளி வைத்தாள். நான் மறுபடி அறிவியலுக்கு வாய் திறந்தேன். ஜெயபாய் என் கையில் மருந்துச் சீட்டைத் திணித்தார்.

“தண்ணின்னு சொல்லாதீங்க சார். கஷாயம்னு எழுதுங்க. மருந்துன்னா பத்தியம் பாக்க மாட்டாக.”

எழுதினேன். சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர், உப்பு, சீனி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு, தவறாமல் கொடுக்கவும். பாலம்மாளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஜெயபாய் தன் வாட்ச்சைக் கழற்றி, எந்த முள் எங்கே வந்தால் ஒரு மடக்கு என்று காட்டினார். அதே முள்ளை வைத்துத்தான் மூச்சு எண்ணுவது என்றும் சொன்னார். ஒரு மடக்குகூடத் தவறவில்லை. நான் எழுதியதை ஒருவர் மதித்தது இதுவே முதல் முறை. அதில் வினைச்சொல் இருந்தது.

உள்ளே தங்கிய துண்டை எடுக்காமல் இது நிற்காது. எடுக்க எனக்குக் கருவியும் இல்லை, தைரியமும் இல்லை. “ராஜபாளையம் வரைக்கும்தான்” என்றதும் பாலம்மாள் சம்மதித்தாள். டீக்கடை அசன் முகம்மதுவின் அம்பாசிடர். பின்சீட்டில் நான், கடைசிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி. சேத்தூர் தாண்டும்போது, வண்டி ஓட்டிய அசன் பாய் கண்ணாடியில் பார்த்தார்.

“தம்பி, வெளிய என்ன பராக்கு? பாட்டில் தாழுது பாருங்க. டியூப்புல ரத்தம் ஏறுதுல்ல.”

“கை வலிக்குது பாய்.”

“அந்தப் புள்ளைக்கு வலிக்காததா? உசத்திப் பிடிங்க.”

அரசு ஆஸ்பத்திரியில் துண்டை எடுத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று கேட்டேன். பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாப்ட்டீங்களா?” என்றார்.

18 நவம்பர்

ஒன்றுக்குப் போனாள். வேறு செய்தி வேண்டாம்.

29 நவம்பர்

சண்முகத்தாய் பிள்ளையோடு வந்தாள். கன்னம் ஒட்டியிருக்கிறது. நடக்கிறாள். “உங்க கஷாயத்துல உப்பு சாஸ்தி” என்றாள்.

அவள் போனபின் கேஸ் ஷீட்டில் ‘தேறுகிறாள்’ என்பதை அடிக்கப் போனேன். ஜெயபாய் வாங்கி வைத்துக்கொண்டார்.

“கெடக்கட்டும் சார். அடுத்தவாட்டி எழுதப் போறப்ப கை நிக்கும்ல.”

பேண்டேஜுக்கு இண்டெண்ட் எழுதினேன். மூன்று பிரதிகள்.

9 பிப்ரவரி 1989

பத்து மணி பஸ்ஸிலிருந்து பாலம்மாள் இறங்கினாள். ஒரு கையில் தூக்குச்சட்டி. இன்னொரு கை ஒரு பெண்ணைத் தாங்கியிருந்தது. அடுத்த வீட்டு மருமகள், பிள்ளை பெற்று ஆறு நாள்.

“காய்ச்சலா?” என்றேன்.

“காச்சலே இல்லய்யா. நேத்து இருந்துச்சு, இன்னைக்கு இல்ல. கை சில்லுன்னு இருக்கு. அதான் வெரசாக் கூட்டியாந்தேன். வழியில கஷாயம் குடுத்துட்டுத்தான் வாரேன்.”

ஜெயபாய் பாட்டிலை எடுக்க ஓடினார். நான் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து, வாட்ச்சைப் பார்த்து மூச்சை எண்ண ஆரம்பித்தேன்.

“முப்பத்திரெண்டு” என்றாள் பாலம்மாள். “கண்டக்டர் வாட்ச்ச வாங்கி எண்ணிட்டேன். நீங்க ஊசியப் போடுங்க.”