உம்மா தொழுறாங்க

அன்பின் மகளுக்கு,

என் ஐந்தாவது நாவலை ஏன் உனக்குச் சமர்ப்பித்தேன் என்று கேட்டிருந்தாய்.

நோர்வூட்டில், கடைக்கு மேல் வீட்டில், நான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவேன். உனக்கு அப்போது ஆறு வயது. யார் வந்தாலும் "உம்மா தொழுறாங்க, பொறகு வாங்க" என்று அனுப்பிவிடுவாய். தொழுகிறவளை யார் கூப்பிடுவார்கள்? என் முதல் நாவல் அப்படித்தான் முடிந்தது. ஊரில் எனக்குப் பெரிய தொழுகையாளி என்று பேர் வேறு!

ஒருநாள் கதவைத் திறந்தால், நீ காய்ச்சலோடு வாசலில் சுருண்டு கிடந்தாய்.

"ஏன் மகள் கூப்பிடல்ல?"

"நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க தானே."

அடுத்த மாதம் உனக்குப் பிள்ளை கிடைத்ததும் வருகிறேன். நீ தொடங்கிய நாவலை நிறுத்திவிடாதே. கதவைச் சாத்திக்கொள், வெளியே நான் இருப்பேன். வருகிறவர்களிடம் நீ தொழுவதாகச் சொல்வேன். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் மட்டும் தட்டுவேன்.

நன்றியுடன்,
உன் உம்மா