கடைசி பெஞ்சில் டீச்சர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இருமல் நின்றதா? நான் சௌக்கியம்.

நேற்றுப் பின்னக் கணக்கைப் பிள்ளைகளையே நடத்தச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் வேலையை நிரந்தரமாக்க வேண்டிய தலைமையாசிரியர் திடீரென்று நுழைந்தார். போர்டருகே நின்ற வாயாடிப் பெண் பதறிக் கூட்டலைத் தப்பாகப் போட்டாள்.

"இங்க யாரு டீச்சர்?" என்றார் அவர்.

திருத்த நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன். கடைசியில் எங்கள் வாயில்லாப்பூச்சி எழுந்தான். "கீழ இருக்கற எண்ணைக் கூட்டக்கூடாது." அவள் அழித்துச் சரியாகப் போட்டாள்.

"நாளைக்கு என் ரூமுக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தலை போகிற விஷயமில்லை, கவலைப்படாதீர்கள். இதோ, அவர் ரூமுக்குக் கூப்பிடுகிறார்கள். பீரோவில் இருக்கும் என் தூரக் கண்ணாடியை அனுப்புங்கள்; முகவரியை உங்கள் கையாலேயே எழுதுங்கள், உடம்பு தேறியதை எழுத்தே சொல்லிவிடும். கடைசி பெஞ்சிலிருந்து போர்டு சரியாகத் தெரியவில்லை.

உங்கள் மகள்