கல்யாணப் பாயும் கட்டைவிரலும்

நவூலா, ஃபிஜி
6 மார்ச் 1995

அன்புள்ள அலுமிதா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் வலது கையைத் தவிர. நீதான் டுனெடின் ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்காரர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறாயே, தங்கையையும் கொஞ்சம் கவனி.

கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கம், வலி உயிரை எடுக்கிறது. கெட்டிலைக்கூடத் தூக்க முடியவில்லை. எங்கள் மீன் கம்பெனி டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டுல பாய் முடையறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான் வலி. பாயை விடுங்க, சரியாயிடும்."

விட்டு ஒரு மாதமாகிறது. வலிதான் என்னை விடவில்லை. சூரை மீன் வெட்ட மட்டும் தினமும் போகிறேன்.

ஆகஸ்டில் தம்பி அபெனிசாவுக்குக் கல்யாணம். அம்மா இல்லாத வீட்டில், சபையில் விரிக்கிற கல்யாணப் பாயை என்னை விட்டால் யார் முடைவது? உனக்கோ ஒரு விசிறிகூட வராது. பாதியில் கிடக்கும் பாயைப் பார்த்து கெலெரா பெரியம்மா, "என்னடி, கடைப் பாயா விரிக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவமானத்தில் அன்று சோறே இறங்கவில்லை.

உன்
தித்திலியா


டுனெடின்
27 மார்ச் 1995

வாயாடித் தங்கைக்கு,

விசிறி முடையத் தெரியாதவள் எழுதுகிறேன். கையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்குப் பிடிக்காது. அதனால் நீயே பார்த்துச் சொல்.

கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொள். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய். சுரீர் என்கிறதா? இடது கையிலும் செய். பாய் முடைய இரண்டு கையும்தான் உழைக்கிறது. கத்தி பிடிப்பது ஒரு கைதானே?

பாய் முடைகிற எல்லோரும் மீன் வெட்டுவதில்லையே. அவர்களையும் செய்யச் சொல். அதுவரை கத்தியும் வேண்டாம், பாயும் வேண்டாம். சொன்னால் கேள்.

அன்புடன்
அலுமிதா


நவூலா
30 ஏப்ரல் 1995

அக்கா,

இடது கை கல் மாதிரி இருக்கிறது. வலது கையைச் சாய்த்ததும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சர்ச் கூடத்தில் பாய் முடைய உட்கார்ந்த எல்லோரையும் செய்ய வைத்தேன். கத்தி பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் "ஐயோ" என்றார்கள். போதகர் மனைவிதான் ஊரிலேயே அதிகம் முடைகிறவள், கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. அவள் கையைச் சாய்த்துவிட்டு, "என்னடி, இதுல என்ன இருக்கு?" என்று சிரிக்கிறாள்!

எல்லோரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன், போதகர் மனைவியையும்தான். வேலை போய்விடுமோ என்று பயம்தான். "பாய்தான் காரணம்னா இவங்களுக்கு ஏன் வலிக்கல டாக்டர்?" என்று போதகர் மனைவியைக் காட்டிக் கேட்டேன். அவர் ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மீன் மேஜைக்கே வந்து நின்றார். என் கத்தியை வாங்கி ஒரு மீன் வெட்டிப் பார்த்தார். "இவ்ளோ மொக்கையாவா இருக்கும்? நான் முன்னாடியே வந்து பாத்திருக்கணும்" என்றார். நல்ல மனிதர்தான், பாவம்.

வேலையால் வந்த காயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டைவிரலுக்குக் கட்டு, எனக்கு எடைபோடும் வேலை. கத்திகளைத் தினமும் தீட்டுகிறார்கள்.

தித்திலியா


நவூலா
21 ஆகஸ்ட் 1995

அன்பு அக்காவுக்கு,

லீவு கிடைக்காமல் நீ தவறவிட்ட கல்யாணத்தைச் சொல்கிறேன், கேள்.

கட்டைப் பிரித்த பிறகு, நீ அடுத்த கடிதத்தில் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக முடைந்து பாயை முடித்துவிட்டேன். சபை நடுவில் விரித்ததும், யார் முடைந்தது என்று அறிவிக்கக் கெலெரா பெரியம்மா எழுந்தாள். "தித்திலியா முடைஞ்ச..." என்று ஆரம்பித்தாள்.

"அலுமிதா பேரையும் சேத்துச் சொல்லுங்க பெரியம்மா" என்றேன்.

"யாரு, அலுமிதாவா? அவளுக்கு விசிறியே வராதேடி!"

கூடமே சிரித்தது. நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தக் கையைத் திருப்பிக் குடுத்தது அவதான். பாதிப் பாய் அவளோடது."

சிரிப்பு நின்றது. மீன் மேஜைப் பெண்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, கடற்கரை வரை கேட்கிற மாதிரி மறுபடி அறிவித்தாள். நீ மூத்தவள் என்பதால் உன் பெயரைத்தான் முதலில் சொன்னாள்.

உன் பெருமை பிடித்த தங்கை
தித்திலியா