கட்டைவிரலிலிருந்து அளவு

ஜூன் 3
என் போன் ரிப்பேர் கடை கீழே. வீட்டுக்காரர் மாடியில், கட்டிலில். கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை, குரல் அவ்வளவுதான். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு ஓட்டிய கை தம்ளரைக்கூடப் பிடிப்பதில்லை. நரம்பு நோய், கை பலம் இனிக் குறையத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று ஒரு மணிப்பெட்டி வரைந்தேன். அவர் பொத்தானை அழுத்தினால் கடையில் மணி அடிக்கும். கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், பெட்டி முழுக்கத் தானே மாறிக்கொள்ளும். விரல் எட்டும் தூரம்: 42 மில்லிமீட்டர்.

ஜூலை 11
இப்போது 30தான் எட்டுகிறது. எண்ணை மாற்றி, பிளாஸ்டிக்கில் பெட்டியாகவே செய்து தரும் 3டி பிரிண்டரில் எடுத்தால் ஓட்டை ஒரு பக்கம், பொத்தான் ஒரு பக்கம்! பெட்டியின் மூலையைப் பூச்சியமாக வைத்து அளந்திருக்கிறேன், மடச்சி. பெட்டி சிறுத்தால் மூலையும் நகராதா?

ஜூலை 12
தாளில் அவர் கையை வைத்து வரைந்தேன். கட்டைவிரல் நுனி சும்மா கிடக்கும் இடத்தில் ஒரு புள்ளி. இனி அதுதான் பூச்சியம். நீளம், அகலம், உயரம் எல்லாம் அங்கிருந்துதான்.
"ஒலகமே என் வெரல்லதான் ஆரம்பிக்குதாக்கும்?" என்று சிரித்தார்.
பெட்டி கச்சிதமாகப் பொருந்தியது.

ஆகஸ்ட் 20
பதினாறு தடவை மணி. ஓடிப்போனால், "சும்மாதான் புள்ள." கீழே ஏலக்காய் ஸ்டோர் பேச்சிமுத்து அண்ணன் போனுக்காகக் காத்து நிற்கிறார். "சோலி இருந்தா மட்டும் அடிங்க, நானும் மனுஷிதானே?" என்று கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 23
மூன்று நாளாக மணியே இல்லை. விரல் எட்டவில்லையோ? தூரத்தை 12 ஆக்கினேன்.

ஆகஸ்ட் 24
8. ஸ்பிரிங்கும் மாற்றினேன். மணி இல்லை.

ஆகஸ்ட் 25
போர்வை நனைந்து கிடந்தது. ஏன் அடிக்கவில்லை? விரலைப் பிடித்து அளந்தேன். 19 எட்டுகிறது. பொத்தான் 8-ல் இருக்கிறது. அளவில் தப்பே இல்லை.
"கடைல ஆளு நிக்குமேன்னு பாத்தேன்" என்றார்.
பாவி நான். எதுக்கு அப்படிக் கத்துனேன்? சும்மாவே அடிங்க, நூறு தடவ அடிங்கன்னு காலப் பிடிச்சு அழுதேன்.

செப்டம்பர் 2
மணி. ஓடினேன். "சும்மாதான்." பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 19
தூரம் 0. பொத்தான் விரலுக்கு நேர் கீழே. இதற்குமேல் குறைக்க எண் இல்லை.

டிசம்பர் 4
அவர் போன முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து சொந்தங்கள் பஸ்சு ஏறிவிட்டார்கள். பெட்டியை எடுத்துவைக்க மாடிக்குப் போனேன். அவர் விரல் கிடந்த இடத்தில் என் விரலை வைத்து அழுத்தினேன். பூட்டிய கடைக்குள் மணி அடித்தது. மாடிவரை இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.
கொஞ்ச நேரம் படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி வர ஆளில்லை.