பேனாவால் போன பொட்டு

மார்ச் 3, ஞாயிறு

வெயில். ஜெராய் மலையே புகையில் மங்கிக் கிடக்கிறது. மணிக்கட்டு வீக்கம் குறையவில்லை. டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்: இரண்டு மாசம் மவுஸைத் தொடக் கூடாது.

இவர் படம் எடுக்கிறார், நான் கம்ப்யூட்டரில் பரு, கறை துடைத்துக் கொடுக்கிறேன். அதுதான் எங்கள் ஸ்டூடியோ. மவுஸ் இல்லாவிட்டால் பாதிக் கடையை மூட வேண்டியதுதான். அதனால் இவர் பென் டேப்லெட் வாங்கி வந்திருக்கிறார். கறுப்பாக ஒரு பலகை, ஒரு பேனா. பலகையில் எழுதினால் திரையில் தெரியும். நல்லபடியாக இருக்கட்டுமென்று முதலில் பிள்ளையார் சுழி போட்டேன். மிதிபட்ட மண்புழு போல வந்தது.

நாத்தனார் மல்லிகா அக்கா ஃபோனில்: "வாசுகி, கைவலிக்குத் தம்பி டேப்லெட் வாங்கிட்டு வந்தானாமே. சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

மார்ச் 4, திங்கள்

காலையில் மட்டும் நடந்தவை:
– ஒரு மாப்பிள்ளையின் பருவை அழிக்கப் போய் பாதி மீசை காலி.
– பலகையைப் பார்த்தால் திரை தெரியவில்லை. திரையைப் பார்த்தால் கை எங்கே போகிறதென்று தெரியவில்லை.
– மவுஸைத் தூக்கி வைக்கிற பழக்கத்தில் பேனாவையும் தூக்கித் தூக்கி வைத்தேன். அம்புக்குறி அந்தக் கோடிக்கு ஓடுகிறது.
– பேனாவைத் தேடி அரை மணி. காதில் இருந்தது.
– இவர் பலகை மேலேயே ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரித்தார். ஓரத்துப் பட்டன்கள் அமுங்கி, திரையில் என்னென்னவோ திறந்துகொண்டன.

இடது கையால் மவுஸைத் தொட்டேன். பார்த்துவிட்டார். மவுஸ் இப்போது இவர் பாக்கெட்டில்.

மார்ச் 6, புதன்

கை வந்துவிட்டது! எப்படியென்று எனக்கே தெரியவில்லை. அழுத்தினால் தடிப்பு, லேசாக விட்டால் மெல்லிசு. சுகமோ சுகம்.

இவர் பிடித்த மல்லிகா அக்கா படத்தைத் துடைக்க எடுத்தேன். சனிக்கிழமை திகாம் பத்து மண்டபத்தில் மகள் யாழினிக்கு முதல் பிறந்தநாள். வாசலில் வைக்க ஆள் உயரப் பேனர்: அக்கா மடியில் யாழினி சிரிக்கிறாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அதுவரை யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று அக்கா ஒருமுறை விரல் விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறார். விரல் போதவில்லை. இந்தப் படம் பிசகவே கூடாது.

முந்நூறு சதவிகிதம் பெரிதாக்கித் துடைத்தேன். கொசுக்கடி, எச்சில், பவுடர் திட்டு, அக்கா கன்னத்து மங்கு, ஒரு கறுப்புக் கறை. தொட்டால் போதும், போகிறது. சேமித்து அக்காவுக்கும் அனுப்பியாச்சு. இவர் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்குலா" என்றார். என் கைக்கு நானே ஒரு முத்தம்.

மார்ச் 7, வியாழன்

அந்தக் கறுப்புக் கறை திருஷ்டிப் பொட்டு.

காலை ஏழு மணிக்கு அக்கா ஃபோன். குழந்தைக்கு விடியலிலிருந்து காய்ச்சல். "பொட்டை எடுத்துட்டியேடி! பதினாலு வருஷத்துக் கண்ணுக்கும் சேர்த்து வெச்ச பொட்டுலா அது!"

என் ரெண்டு பிள்ளைகளுக்கும் நான் வைக்காத பொட்டா? ஆனால் முந்நூறு சதவிகிதத்தில் கன்னம் கன்னமாகத் தெரியாது. வெறும் தோல்தான். இதைப் போய் யாரிடம் சொல்ல?

"பழைய படத்தைக் குடு," என்றார். பழைய படத்தின் மேலேயே சேமித்திருக்கிறேன். கேமரா கார்டில்? இன்றைய கல்யாணத்துக்காக இவர் அழித்துவிட்டார். மறுபடி எடுக்கலாமென்றால் குழந்தைக்குக் காய்ச்சல்.

"பொட்டு இல்லாத படம் மண்டபத்துக்கு வரக் கூடாது. சின்சாயா, ஏனோதானோன்னு எதையாச்சும் ஒட்டிக் குடுத்தாலும் வேணாம். நான் வெச்ச பொட்டு வேணும். இல்லேன்னா விசேஷமே வேணாம்."

எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மத்தியானம் சோறு இறங்கவில்லை. பயமாக இருந்தது.

மார்ச் 8, வெள்ளி

இங்கே வெள்ளிதான் வார லீவு. பூட்டிய கடைக்குள் நான் மட்டும். கிளினிக் மருந்தில் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். அக்காவின் வீட்டுக்காரர் செய்தி அனுப்பினார். அக்கா அனுப்பவில்லை.

பொட்டு 1: சட்டைப் பொத்தான்.
பொட்டு 4: ஈ.
பொட்டு 11: ஈ, பக்கத்தில் இன்னொரு ஈ.
பொட்டு 12லிருந்து எண்ணவில்லை.

எடுக்க ஒரு தொடல், வைக்க அரை நாள். விரலால் வைக்கிற மை வட்டமாக இருக்காது, கோணலாக ஒரு பக்கம் இழுத்திருக்கும். கை கொஞ்சம் நடுங்கினால் வந்துவிடும். திங்கள் முழுக்க நடுங்கிய கை, இன்று பார்த்து நடுங்க மாட்டேன் என்கிறது.

கடைசியில் சலித்துப்போய், பிள்ளையாரப்பா என்று கன்னத்தில் பொடியாக ஒரு சுழி போட்டு அழுத்தினேன். கோடு தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வால் மட்டும் கொஞ்சம் வெளியே. நாற்காலியைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். பொட்டு!

பேனர் கடைக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கடைச் சீனர் ஃபோன்: "பிப்பி புடாக் ஆடா கோத்தோர். சாயா பாடாம், ஃப்ரீ." குழந்தை கன்னத்தில் அழுக்காம், இனாமாக அழித்துத் தருகிறாராம்.

"ஜாங்ஙான்!" வேண்டாமென்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் கதவைத் தட்டினார்.

மார்ச் 9, சனி

மண்டபம். அக்கா என்னைத் தாண்டி நடந்தார். நேராகப் பேனரிடம் போய், மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தார்.

"இதுதான்," என்றார். "வால் இழுத்திருக்கு பாரு. நான் மை வெச்சப்ப இவ வெடுக்குனு மூஞ்சியைத் திருப்பிட்டா. எங்கடி கிடைச்சுது?"

"கிடைச்சுதுக்கா," என்றேன். பிள்ளையார் மன்னிக்கட்டும்.

யாழினி அக்கா இடுப்பில் இருந்தபடியே எட்டி எட்டி அந்தப் பொட்டைச் சுரண்டினாள். நிஜக் கன்னத்தில் இன்று மூன்று பொட்டு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனாவைத் தேடுகிற மாதிரி காதைத் தடவிக்கொண்டேன்.

அக்கா பேனரை விட்டு நகரவில்லை. இப்போது தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதோரம் குனிந்து:

"என் கன்னத்து மங்கையும் எடுத்திருக்கேல்ல, அதை மட்டும் திரும்ப வெச்சிடாதே."