உன் குரல் தொட்டியில் கிடந்த முப்பது நாள்

என் பிரியத்துக்குரிய அம்மா,

வீட்டில் எல்லோரும் நலம் என்று தொடங்க முடியவில்லை. எல்லோரும் என்றால் இப்போது அப்பாவும் நானும்தான். அப்பா மூன்று வாரமாகப் போனைத் தொடுவதில்லை. காரணம் நான். அது அவருக்குத் தெரியாது.

நீ விட்டுப்போன குரல் போய்விட்டது, அம்மா. இருபத்து மூன்று பதிவுகளும்.

மதுரையில் டாக்டர் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றபோது, இன்னும் எத்தனை நாள் பேசலாம் என்று மட்டும் கேட்டாய். பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் மத்தியானத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கி, ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, போனில் பேசிப் பதிந்து வைத்தாய். மினிபஸ் ஓட்டிய காலத்தில் அப்பா செய்த சேட்டைகள் ஒன்று. நான் பிறந்த வாரத்தில் ஆத்தூர்ப் பக்கம் பெய்த மழை ஒன்று. கடைசியாக ஜெபமாலை.

ஜெபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லும் மங்கள வார்த்தையின் முதல் பாதி உன்னுடையது. இரண்டாம் பாதி அப்பாவுடையது. கல்யாணமானதிலிருந்து உங்கள் ஏற்பாடு அது. பதிவிலும் அப்படியே செய்தாய். உன் பாதி. பிறகு அப்பா சொல்லி முடிக்கும்வரை நீ பேசாமல் காத்திருப்பது. மறுபடி உன் பாதி. ஐம்பத்து மூன்று முறை.

அதன்பின் எட்டு மாதம் இருந்தாய். வீணான தாள்களின் பின்பக்கம் எழுதிக் காட்டினாய். பதிவுகளைப் போட்டுக் கேட்க நீ விடவில்லை. ‘நான் இருக்கையில அது எதுக்கு’ என்று எழுதினாய்.

சரி. அது எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன்.

உனக்குப் புதுப் போன் வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில் தனி அக்கவுண்ட் போடவா என்று கேட்டார்கள். அப்பா குறுக்கே விழுந்தார். “ரேசன் கார்டு ஒண்ணு, கேஸ் புக்கு ஒண்ணு. இதுக்கு மட்டும் எதுக்கு மூணு? பயலோடதையே போட்டுவிடுங்க.” நானும் சிரித்துக்கொண்டே என் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஒரு போனில் எடுத்த படம் மூன்று போனிலும் வந்து நின்றது. நீ கைதட்டினாய்.

யார் தாளை நீட்டினாலும் எதற்கும் ஒரு காப்பி சேர்த்து எடுத்து வைக்கச் சொல்பவள் நீ. மூன்று போனிலும் தெரிந்ததை மூன்று காப்பி என்று நினைத்தாய். நம்பவைத்தவன் நான். இருந்தது ஒன்றே ஒன்று. அதை மூன்று இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீ போனது செவ்வாய்க்கிழமை, உன் அடக்கம் புதன்கிழமை. குவைத்தில் இருக்கும் சித்தப்பா மகன் வீடியோ எடுக்கச் சொன்னான். கல்லறை வாசலில் என் போன் இடமில்லை என்றது. ‘அம்மா’ என்ற ஃபோல்டர்தான் பெரிது. ஸ்கேன் ரிப்போர்ட், மருத்துவமனைப் படங்கள், உன் பதிவுகள், எல்லாம் அதில். என் போனிலிருந்துதானே போகும் என்று நினைத்தேன். ‘அம்மா’வை அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. எல்லாக் கருவிகளிலிருந்தும் அழியும் என்று. ஆய்வேட்டில் ஒரு சொல்லுக்காகப் பத்துப் பக்கம் எழுதியவன் அதைப் படிக்கவில்லை.

அழித்தது உடனே போய்விடாது. முப்பது நாள் போனின் குப்பைத் தொட்டியில் கிடக்கும். இதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

துக்க வீட்டில் முப்பது முடியும்வரை டிவி, ரேடியோ போடக்கூடாது இல்லையா? அப்பா உன் குரலையும் அதோடு சேர்த்துவிட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்றைக்குப் போட்டுக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். நாளை எண்ணிக்கொண்டு, போனை உன் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். தொட்டியும் எண்ணிக்கொண்டிருந்தது.

முப்பதாம் நாளும் புதன்கிழமை வந்தது. சித்தப்பாவுக்கு லீவு இல்லை. பூசையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். வெள்ளியன்று தொட்டி காலியாகிவிட்டது.

பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அப்பா முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கையில் ஜெபமாலை. செத்த நேரம் போனைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அப்பு, இங்கன வா. அம்மா பேசுனது ஒண்ணையும் காணோம்.”

வாங்கிப் பார்த்தேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

“நாந்தேன் தொடைக்கும்போது எதையோ அமுக்கிட்டேன் போல” என்றார் அப்பா.

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லவில்லை.

அறையைச் சாத்திக்கொண்டு பழைய மடிக்கணினியைத் திறந்தேன். இணையத்தில் இணைக்காமல் மாதக்கணக்காகக் கிடந்தது. ஃபோல்டர் இருந்தது, அம்மா. இருபத்து மூன்று பெயர்களும் இருந்தன. ஒன்றை அழுத்தினேன். இணைய இணைப்பைச் சரிபார்க்கவும் என்றது. இடத்தை மிச்சப்படுத்த வெறும் பெயர்களை மட்டும் வைத்திருந்திருக்கிறது. புத்தி அப்போதும் வேலை செய்யவில்லை. இணைத்தேன். ஒத்திசைக்கிறது, ஒத்திசைக்கிறது என்று சுற்றியது. மேலிருந்து ஒவ்வொரு பெயராக மறைந்தது. ‘ஜெபமாலை’ கடைசி. பிறகு ஒரு பச்சை டிக். எல்லாம் சரியாக இருக்கிறது என்றது.

நிறுவனத்துக்கு எழுதினேன். வருத்தம் புரிகிறது என்று பதில் வந்தது. மீட்க இயலாது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? போன் கடைக்கும் போனேன். “என்னண்ணே, இம்புட்டுப் படிச்சுட்டு ஒரு பென்டிரைவுல போட்டு வைக்கத் தோணலையா?” என்றான் கடைக்காரன். அவன் கேட்டதில் தப்பில்லை.

இப்போது சாயங்காலம் அப்பா உட்கார்கிறார். தன் பாதியை மட்டும் சொல்கிறார். நடுவில் நிறுத்துகிறார். உன் பாதியை நான் சொல்லட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். “நீ வேணாம்ப்பா” என்றார். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஜெபம் முடிந்ததும் தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்க்கிறார். அது செய்த பாவம் என்று நினைக்கிறார். அவரை அப்படி நினைக்க விட்டுவிட்டு, பக்கத்து அறையில் நான் சோறு தின்கிறேன்.

யாரைத் திட்ட? அந்தச் சின்ன எழுத்தையா, சித்தப்பாவின் லீவையா, முப்பது நாளையா? எல்லோரையும் திட்டிப் பார்த்துவிட்டேன். ஆம் என்று அழுத்திய விரல் என்னுடையது.

இந்தக் கடிதத்தை ஒருநாள் நாலு பேர் படிக்கக் கொடுப்பேன். அதற்கு முன் அப்பா தெரிந்துகொள்வார். அவர் இப்போது வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். பேனாவை மூடிவிட்டுப் போறேன், அம்மா. போய், “நீங்க இல்லப்பா, நாந்தேன்” என்று சொல்வேன். அடித்தாலும் சரி. அவர் பேசாமல் இருந்தாலும், இந்த முறை எழுந்து போகமாட்டேன்.

உன் குரலை அழித்த,
உன் ஒரே மகன்